நோட்டில் இருந்து என்ன, வீட்டில் இல்லையே!

(குமாரபாளையம் பட்டிமன்றம். தலைப்பு: ‘ஒரு மொழி வாழ்வது வீட்டாலா? நாட்டாலா?’ – ‘வீட்டாலே’ அணியில் பேசியது.)

அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற சகோதரிகளே! முதலில் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். “சட்டம் இல்லாம, பள்ளிக்கூடம் இல்லாம, பாடப்புத்தகம் இல்லாம எந்த மொழிங்க பொழைக்கும்? நாடு கைவிட்டா மொழி அம்போதான்!” என்றார். நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தம்பி அழகாகப் பேசினால் தட்ட வேண்டியதுதானே! ஆனால் தம்பிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாடும் இல்லாமல், சட்டமும் இல்லாமல், பல நூறு வருஷம் பிழைத்து வந்த மொழி ஒன்று இந்தச் சேலத்துச் சீமையிலேயே இருக்கிறது. அந்த மொழியில்தான் எங்க அம்மா எனக்குச் சோறு ஊட்டினார். (கைதட்டல்)

நான் பிறந்தது சேலம். வாழ்க்கைப்பட்டு வந்தது இந்தக் குமாரபாளையம். வேலை, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேனென்றால் பேசுவது சௌராஷ்டிரம். இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி, இந்தப் பக்கம் லுங்கியும் துண்டும் நெய்கிற நாம். தறி இருக்கிற ஊரில் ஒரே தெருவில் நாலு பாஷை இருக்கும். முதலியார் வீட்டில் தமிழ், தேவாங்கர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். சந்தைக்கு வந்துட்டா எல்லாருக்கும் தமிழ்தானுங்க!

சௌராஷ்டிரம் என்றதும் சில பேர் கேட்பார்கள், “அது என்னங்க, இந்தி மாதிரி இருக்குதே?” என்று. மூன்றுக்குத் ‘தீன்’, நாலுக்குச் ‘சார்’, ஐந்துக்குப் ‘பாஞ்ச்’ என்போம். இந்தியும் குஜராத்தியும் பிறந்த அதே பெரிய குடும்பத்தில் பிறந்த மொழிதான். குஜராத்தில் சௌராஷ்டிரா என்கிற பகுதியில் இருந்து, பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், தறியைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்து வந்த பட்டு நெசவாளர்கள் நாங்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மராட்டியம், கன்னடம், தெலுங்கு பேசுகிற நாடுகளில் எல்லாம் தங்கித் தங்கித்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியிருந்தார்கள். கும்பகோணம், பரமக்குடி, சேலம் என்று பரவினார்கள். நடந்து வந்த பாதையிலே காலில் மண் ஒட்டுகிற மாதிரி, பேச்சிலே தெலுங்கு ஒட்டியது, கன்னடம் ஒட்டியது, கடைசியில் தமிழும் ஒட்டியது. ஆனால் அடிப்படைப் பேச்சு மாறவில்லை.

நடுவர் அவர்களே, யோசித்துப் பாருங்கள். இத்தனை தூரம், இத்தனை ராஜாக்கள். எந்த ராஜா எங்கள் மொழியில் ஆணை போட்டான்? எந்த அரண்மனையில் அதற்கு ஆசனம் கிடைத்தது? ஒன்றும் கிடையாது. கிடைத்தது அடுப்பங்கரையும், தொட்டில் கட்டின கயிறும், தறிக்குழி ஓரமும்தான். அது போதுமாக இருந்தது! (கைதட்டல்)

இதிலே ஒரு வசதியும் உண்டு. நகைக்கடைக்குப் போனால் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்காரர் முன்னாலேயே ரகசியம் பேசலாம். ஒரு தடவை எங்க சின்ன மாமியார் ஒரு கடையில் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்க மாமாவிடம் சௌராஷ்டிரத்தில் சொன்னார்: “விலை ரொம்பச் சொல்றான், எழுந்திரு, வேற கடைக்குப் போகலாம்.” கடைக்காரர் அதே சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னார்: “உட்காருங்க அத்தை, குறைச்சுத் தர்றேன்!” (பலத்த சிரிப்பு) அன்றைக்குச் சேதாரத்தில் குறைந்தது எவ்வளவு என்று தெரியாது. ஆனால் ‘அத்தை’ என்று ஒரு உறவு கிடைத்தது. எந்தச் சட்டம் இதைக் கொடுக்கும்?

எதிரணியில் அடுத்துப் பேசிய அக்கா, “எழுத்து வேண்டும், அச்சு வேண்டும், கணக்கெடுப்பில் இடம் வேண்டும்; இதெல்லாம் நாட்டு வேலை” என்றார்கள். சரிங்க அக்கா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்து. மதுரையில் தொ. மு. ராமராய் என்று ஒரு பெரியவர் இருந்தார். 1852இல் பிறந்து 1913இல் மறைந்தவர். சௌராஷ்டிர எழுத்தைச் சீர்ப்படுத்தி, அச்சேற்றி, பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போட்டார். அரசாங்கம் சொல்லிச் செய்யவில்லை. தாகம், செய்தார். அதே மதுரையில் நடனகோபால நாயகி சுவாமிகள், 1843 முதல் 1914 வரை வாழ்ந்தவர், சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பக்திப் பாடல்கள் பாடினார். 2008இல் சௌராஷ்டிர எழுத்துக்கு யூனிகோடில், அதாவது உலகத்துக் கணிப்பொறிகளுக்குப் பொதுவான எழுத்துப் பட்டியலில், இடமும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கு எங்கள் ஆட்களிலேயே அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எழுத வேண்டும் என்றால் பெரும்பாலும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம். அப்படியும் இத்தனை காலம் மொழி சாகவில்லையே, ஏன்? அது ஏட்டில் இல்லாமல் நாக்கில் இருந்தது, அதனால்தான்.

அடுத்தது கணக்கெடுப்பு. 2001ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். எதிரணி உடனே, “பாருங்க, கூடியிருக்குதே!” என்று குதிக்கலாம். குதிக்காதீங்க தம்பி. கணக்கெடுக்க வந்தவர் என்ன கேட்டார்? “உங்க தாய்மொழி எது?” அவ்வளவுதான். “இன்னைக்குக் காலையில உங்க பிள்ளைகிட்ட எந்த மொழியில பேசினீங்க?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை வீட்டில் தலையைச் சொறிந்திருப்பார்களோ! (சிரிப்பு) இன்னொரு வேடிக்கை. அரசுக் கணக்கில் எங்கள் மொழி தனியாக நிற்பதில்லை. குஜராத்திக்குக் கீழே ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்கள். குஜராத்தியில் ஒருவர் வேகமாகப் பேசினால் எங்க பாட்டிக்குப் பாதிகூடப் புரியாது. நாடு மொழியைப் பார்க்கிற லட்சணம் இது!

“அட, அரசாங்கம் அங்கீகாரம் கொடுத்தா எல்லாம் சரியாகிவிடும்” என்பது அவர்களின் பெரிய வாதம். அதற்குத் தமிழை வைத்தே பதில் சொல்கிறேன். மொரீஷியஸ் தீவுக்குப் போங்கள். அங்கே புழங்குகிற ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. நம்ம ஊர் நோட்டில் இருக்கிற மாதிரி மூலையில் சின்னதாக இல்லை, பளிச்சென்று இருக்கிறது. 1998இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அங்கே இருக்கிற தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம். இதைவிட ஒரு நாடு என்னங்க செய்யும்? ஆனால் அந்தத் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வருகிற குரல் பெரும்பாலும் கிரியோல் மொழி. நோட்டில் தமிழ் இருக்கு, வீட்டில் இல்லையே! (பலத்த கைதட்டல்)

கடல் தாண்டிவிட்டோம், இன்னும் கொஞ்சம் போவோம். பிரான்சு நாட்டின் வடக்கே, பெல்ஜியம் எல்லையை ஒட்டி, பிக்கார்டு என்று ஒரு மொழி. அதுவும் நம்மை மாதிரி நெசவுச் சீமைதான். லீல், ரூபே என்று துணி ஆலைகளால் வளர்ந்த ஊர்கள். பிரெஞ்சுக்கு உடன்பிறப்பு மாதிரியான மொழி. அதனாலேயே அதற்குக் கஷ்டம். “இது மொழியா? பிரெஞ்சைக் கொச்சையாப் பேசறது!” என்று பட்டணத்தார் சிரித்தார்கள். அந்த மொழியில் லீல் நகரத்துக்காரர் அலெக்சாந்தர் தெரூசோ என்பவர் 1853இல் ஒரு தாலாட்டு எழுதினார். யார் பாடுகிற தாலாட்டு தெரியுமா? லேஸ் பின்னுகிற ஒரு ஏழைத் தாய், தூங்காமல் அழுகிற குழந்தைக்குப் பாடுவது. பிள்ளை தூங்கினால்தான் அவள் வேலை நடக்கும். குமாரபாளையத்துத் தாய்மார்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா? (கைதட்டல்)

அந்தப் பாட்டு இன்றைக்கும் அந்த ஊருக்கு அடையாளம். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியின் அரசு 1990இலேயே தன் மண்ணின் வட்டார மொழிகளை ஏற்றுக்கொண்டு சட்டம் போட்டது. ஆஸ்டெரிக்ஸ் படக்கதைப் புத்தகம் பிக்கார்டில் வந்தது. 2008இல் டானி பூன் என்கிற நடிகர், அந்த வடக்கத்திப் பேச்சை வைத்தே ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். பிரான்சில் மட்டும் 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2021 கடைசியில், பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கக்கூடிய மொழிகளின் வரிசையில் பிரெஞ்சு அரசும் பிக்கார்டைச் சேர்த்தது. பாட்டு இருக்கு, படம் இருக்கு, புத்தகம் இருக்கு, சட்டமும் வந்தாச்சு. ஆனாலும் ஐ.நா.வின் யுனெஸ்கோ அதைக் கடுமையான ஆபத்தில் உள்ள மொழி என்று எழுதி வைத்திருக்கிறது. என்ன பொருள்? தாத்தா பாட்டி பேசுகிறார்கள். அப்பா அம்மாவுக்குப் புரியும், ஆனால் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. 2 கோடிப் பேர் தியேட்டரில் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் பிரெஞ்சில் பேசினார்கள். தாலாட்டு மேடைக்கு வந்துவிட்டது, தொட்டிலை விட்டுப் போய்விட்டது!

நடுவர் அவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார். “அம்மா, பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் பிரெஞ்சு மட்டும்தான் என்று அடக்கினது அந்த நாடுதானே? அப்போ நாட்டுக்குச் சக்தி இருக்கு என்றுதானே ஆகிறது?” என்று கேட்கிற புன்னகை அது. ஒப்புக்கொள்கிறேன் ஐயா. மரத்தை வெட்டுகிற சக்தி நாட்டுக்கு உண்டு. ஆனால் விதை ஊன்றுகிற கை வீட்டில்தான் இருக்கிறது. நாடு தண்ணீர் விடலாம், வேலி போடலாம். விதையே போடாத நிலத்துக்கு வேலி எதற்குங்க? (கைதட்டல்)

சரி, வீட்டில் ஏன் நின்றுபோகிறது? குறை சொல்ல வரவில்லை, காரணம் சொல்கிறேன். குழித்தறி வீட்டுக்குள் இருந்த காலத்தில் தாத்தா தறியில் இருப்பார், பாட்டி ராட்டையில் தார் சுற்றுவார், அம்மா பாவு பிணைப்பார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுக்கும். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பேச்சு, பேச்சு, பேச்சு. தொழிலும் மொழியும் ஒரே கூரைக்கு அடியில் வளர்ந்தன. பிறகு விசைத்தறி வந்தது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. சௌராஷ்டிரம் பேசினால் என்ன, சமஸ்கிருதம் பேசினால் என்ன, எல்லாம் கைச் சாடைதான்! (சிரிப்பு) அப்பா ராத்திரி ஷிப்டு, அம்மா பகல் ஷிப்டு. பிள்ளை டிவி முன்னால். அதற்கப்புறம் பள்ளிக்கூடம். ஒரு பள்ளிக்கூடத்தில் தாயைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்: “பிள்ளை இங்கிலீஷ்ல வீக். வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க.” பாவம் அந்தத் தாய், எட்டாவது படித்தவர். மறுநாளிலிருந்து “கம், ஈட், ஸ்லீப்” என்கிறார். மூன்று வார்த்தையில் பிள்ளை வளர்க்க முடியுமா? கொஞ்சுவதற்கு என்ன செய்வார்? கோபம் வந்தால் எதில் திட்டுவார்?

ஒரு மொழி தெரிந்தால் இன்னொன்று வராது என்பது வீண் பயம். டி.எம். சௌந்தரராஜன் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அவர் தமிழ் உச்சரிப்பில் யாராவது குறை சொல்லிவிட முடியுமா? கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம், 1993இல் ‘காதுகள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கினாரே, அவர் வீட்டு மொழியும் சௌராஷ்டிரம்தான். வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று. இரண்டும் இரண்டு கண். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் இன்னொரு கண் பெரிசாகிவிடுமா?

இப்போது ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். போன வருஷம் எங்க நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் எண்பது வயசுப் பாட்டி, பக்கவாதம். பாட்டிக்கு அதற்கப்புறம் தமிழ் நாக்கில் வரவில்லை. பிறந்த மொழியான சௌராஷ்டிரம் மட்டும் நின்றது. சில பேருக்கு அப்படி ஆவது உண்டு என்று டாக்டர் சொன்னார். துணைக்குக் கல்லூரி படிக்கிற பேரன். தங்கமான பையன். பாட்டி கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். பாட்டி அவனைப் பார்த்து ஏதோ சொல்வார். அவன் பதறிப்போய், “சிஸ்டர், பாட்டிக்கு வலிக்குது போல இருக்கு” என்று ஓடுவான். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மறுபடி பாட்டி அதையே சொல்வார். மறுபடி ஓடுவான். இரண்டு நாளாக இப்படி. நான் போன அன்று கேட்டேன். பாட்டி என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? வலி இல்லை, தண்ணீர் இல்லை. “நீ சாப்பிட்டியா கண்ணு?”

(அமைதி)

நான் அவனிடம் சொன்னேன். அந்தப் பையன் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். “சாப்பிட்டேன் பாட்டின்னு எப்படிச் சொல்றதுங்க, அத்தை?” என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். சொன்னான். தப்பாகத்தான் சொன்னான். பாட்டி சிரித்தார். நடுவர் அவர்களே, எந்த அரசாணை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்? (நீண்ட கைதட்டல்)

முடியாது என்று சொல்லாதீர்கள். நியூசிலாந்தில் மாவோரி மொழி இப்படித்தான் பாட்டிமாரோடு போய்விடும் நிலையில் இருந்தது. 1982இல் அந்த மக்களின் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பாட்டிகளிடம் விடு. பகலெல்லாம் மாவோரியில் பேசு, பாடு, சோறு ஊட்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் ‘மொழிக்கூடு’. அரசுத் துறையும் துணைக்கு வந்தது. ஆனால் கூட்டுக்குள்ளே உட்கார்ந்து இரை ஊட்டினவர்கள் பாட்டிமார்தான். அதற்கப்புறம்தான், 1987இல், மாவோரியை ஆட்சி மொழியாக ஏற்றுச் சட்டமே வந்தது. கூடு முதலில், கொடி பிறகு!

இது சௌராஷ்டிரத்துக்கு மட்டும் சொல்கிற சேதி இல்லை. கன்னடம் பேசுகிற தேவாங்கர் வீட்டுக்கும்தான், மலையில் தனிப் பேச்சு வைத்திருக்கிற மக்களுக்கும்தான், “தமிழுக்கு என்னங்க, கோடிக்கணக்கில் இருக்கோமே” என்று கால்மேல் கால் போட்டிருக்கிற நமக்கும்தான். மொரீஷியஸுக்குப் போன தமிழரும் தமிழ் பேசிக்கொண்டேதான் கப்பல் ஏறினார்கள்!

அதனால் வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். ராத்திரிச் சோறு ஒரு வேளை, அந்த அரை மணி நேரம், வீட்டு மொழி மட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். எங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகு அணைத்தால் போதும்! (சிரிப்பு) பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். அது ரொம்ப முக்கியம். ஒரு தடவை நாம் கேலியாகச் சிரித்தால் பத்து வருஷத்துக்கு அது வாயைத் திறக்காது. பாட்டி இருந்தால் பாட்டி பக்கத்தில் தட்டைப் போடுங்கள். செலவு ஒரு பைசா கிடையாது. யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

நாடு நல்லது செய்தால் வரவேற்போம். பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். ஆனால் ஒரு மொழி நாளைக்கும் உயிரோடு இருக்குமா என்பது சட்டசபையில் தீர்மானமாவது இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தீர்மானமாகிறது. எனவே, ஒரு மொழி வாழ்வது வீட்டாலே, வீட்டாலே, வீட்டாலேதான் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(கைதட்டல்)